கருவி கொடுத்தால் கடன் தீருமா?

வறியவன் ஒருவனுக்கு நாம் பட்டிருக்கும் கடன் எப்போது தீர்கிறது? பசித்தவனைப் பொறுத்தவரை விடை எளிது. சோறிட்டால் அந்த வேளைக்குக் கடன் தீர்ந்தது. கல்வியின் காரியம் அவ்வாறன்று. ஏழைப் பிள்ளையின் கையில் ஒரு கணினியை வைத்துவிட்டால், அல்லது அவன் படிக்கும் அரசுப் பள்ளியில் பத்துக் கணினிகளை அடுக்கிவிட்டால், சமுதாயம் அவனுக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டதாகுமா? இக்கேள்வியின் வாசல்வரை வருகிறவர்கள் பலர். உள்ளே நுழைகிறவர்கள் சிலரே.

தமிழ்நாடு இதில் கையை மூடிக்கொண்ட நாடு அன்று. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான மாணவர்களின் கைகளை அடைந்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2022 மார்ச்சில், படிப்பு முடிந்தபின் எந்த வழியில் செல்வது என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டும் நோக்குடன் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கப்பட்டது. இவை சிறிய காரியங்கள் அல்ல. தேசிய மாதிரி ஆய்வு 2017-18இல் எடுத்த கணக்கின்படி, இந்திய நாட்டுப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 100க்கு 5கூட இல்லை. நகர்ப்புறத்தில் ஏறத்தாழ 23. பெருந்தொற்றினால் 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோதுதான் அந்த எண்களின் பொருள் நமக்கு உறைத்தது. வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அதுவும் காலையில் வாப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அந்தி சாய்ந்து அவர் திரும்பும்வரை மூன்று பிள்ளைகள் பாடத்துக்காகக் காத்திருந்த வீடுகள் எத்தனையோ!

ஆகவே கருவி வேண்டும் என்பதில் வழக்கில்லை. வழக்கு அதற்கு அப்பால் இருக்கிறது.

பொறியியல் கல்லூரிக் கலந்தாய்வை எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் மாணவன் தகப்பனாரோடு சென்னைக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் அமர்ந்து இடத்தைத் தெரிந்தெடுப்பான். 2018 முதல் அஃது இணையத்தின் வழியே நடைபெறுகிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதை விருப்ப வரிசைப்படி மாணவனே பதிய வேண்டும். மதிப்பெண்ணுக்கும் அவ்வரிசைக்கும் ஏற்ப இடம் ஒதுக்கப்படும். பயணச் செலவு மிச்சம், நல்ல ஏற்பாடுதான். அரசு உதவி மையங்களையும் அமைத்தது. ஆயினும் பல ஊர்களில் நடப்பது என்ன? பிள்ளை கடைத்தெருவிலுள்ள பிரவுசிங் சென்டருக்குப் போகிறான். கடைக்காரரே மின்னஞ்சல் முகவரி உண்டாக்குகிறார். கடவுச்சொல்லையும் அவரே வைத்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். சீட்டு தொலைந்தால் கணக்கும் தொலைந்தது. கல்லூரிகளின் வரிசையையும் தமக்குத் தெரிந்தவரை அவரே அடுக்கிவிடுகிறார். அவர் கெட்டவர் அல்லர். பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள், அவசரம். ஆனால் ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுகள் அந்த அவசரத்தில் தீர்மானமாகிவிடுகின்றன.

இதே பிள்ளை கட்டைவிரலால் படமெடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டும் சேர்த்து, ஊரெல்லாம் பார்க்க அனுப்பத் தெரிந்தவன். விரல்களில் அவனுக்குக் குறையே இல்லை. “அண்ணே, இந்தக் கல்லூரியை ஏன் முதலில் போட்டீங்க?” என்று கேட்க வராததுதான் குறை. அக்கேள்வியை அவனுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

1999இல் டெல்லியின் கால்காஜியில் சுகதா மித்ரா என்பவர் சேரியை ஒட்டிய சுவரில் துளையிட்டு ஒரு கணினியைப் பொருத்தினார். ஆசிரியர் எவருமின்றிச் சேரிப் பிள்ளைகள் அதை இயக்கக் கற்றுக்கொண்டன. உலகம் வியந்தது, ஆசிரியரே வேண்டா என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. ஆனால் மித்ராவே பிற்பாடு காளிக்குப்பம் என்னும் தமிழ் பேசும் சிற்றூரில் ஒரு சோதனை செய்து, 2010இல் அதன் முடிவை வெளியிட்டார். உயிர்மூலக்கூறு இயல் என்னும் கடினமான பாடத்தைப் பிள்ளைகள் கணினியின் முன் தாமே கற்று, பக்கத்து அரசுப் பள்ளி மாணவர்களின் அளவை எட்டின. அதற்குமேல் ஏறி டெல்லியின் உயர்தரத் தனியார் பள்ளிக்கு நிகராக நின்றதோ, பக்கத்தில் ஒருவர் உதவிக்கு அமர்ந்த பின்னர்தான். அவருக்கோ அந்தப் பாடம் தெரியாது! முதற் செய்தி உலகெங்கும் பரவிய அளவுக்கு இந்த இரண்டாம் செய்தி பரவவில்லை. அருகில் ஒரு மனிதர் வேண்டும் என்பதில் புதுமை இல்லையல்லவா?

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இதிலே ஒரு பழைய பாடம் நினைவுக்கு வரும். ஸர்ஃபு, நஹ்வு, மன்திக் ஆகியவற்றை ‘ஆலத்’ கல்விகள், அதாவது கருவிக் கல்விகள் என்று வகுத்தார்கள். அவை இன்றி நூலின் வாசல் திறக்காது. ஆனால் அவை நூல் ஆகா. கருவிக் கல்வியிலேயே காலமெல்லாம் உழன்றுவிடலாகாது என்று இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் எச்சரித்திருக்கிறார். கணினியும் இவ்வகையில் ஓர் ஆலத்தான். விசைகளைத் தட்டக் கற்பித்துச் சான்றிதழ் வழங்கி அனுப்பிவிடுவது, வினைச்சொற்களை மனனம் செய்வித்து நூலைக் காட்டாமலே பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதை ஒக்கும்.

“வயிற்றுப்பாட்டுக்கு வழி செய்தால் போதாதா? தட்டச்சு கற்றே எத்தனை குடும்பங்கள் கரையேறின?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை, லோயர், ஹையர் தேறி அலுவலகம் புகுந்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம். ஆனால் தட்டச்சுப் பொறி தன்னைத் தட்டியவனை ஏமாற்றியதில்லை. இன்றைய கருவியோ திருப்பிப் பேசுகிறது. ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாக அழைக்கிறது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. எண்ணைக் கேட்கிறது; ஒரு பெண்பிள்ளையின் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு அவளை மிரட்டுகிறது. வசதியுள்ள வீட்டில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் படித்த மாமாவோ மூத்த சகோதரியோ இருப்பார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த மாமாவின் இடத்தில் பள்ளிக்கூடம்தான் நிற்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் திறன்கள் எனப் பத்தினை வகுத்தபோது முடிவெடுத்தலையும், ஆய்ந்து சிந்தித்தலையும், பிறரோடு தெளிவாகப் பேசுதலையும் அவற்றுள் சேர்த்தது. நம் பள்ளிகளிலோ அப்பெயரில் பெரும்பாலும் அறிவுரைச் சொற்பொழிவே நிகழ்கிறது. மிரட்டப்பட்ட பெண் முதலில் யாரிடம் சொல்வது, அவள் உம்மா அதை எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதைச் சொற்பொழிவு கற்பிக்காது.

இதை ஆசிரியர்கள் தலையில் மட்டும் சுமத்துவது அநீதி. அவர்களுக்குப் பாடத்தோடு பதிவேடுகளும் இருக்கின்றன. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் மருத்துவத்தையும் கணக்கையும் மட்டுமன்றி உழவையும் நெசவையும்கூட பர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். ஊரில் ஒருவரும் செய்யாவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள் என்பது அதன் பொருள். பிள்ளையின் அருகில் அமர்வதையும் அக்கணக்கிலேயே நான் வைப்பேன். 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது அந்தந்த ஊரின் படித்தவர்களே மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல முன்வந்தார்கள். ஆக, ஆள் இல்லை என்பது சாக்கு.

மே மாதத்தில் தேர்வு முடிவுகள் வரும். விண்ணப்பங்களும் அப்போதே தொடங்கிவிடும். அம்மாதத்தில் ஜமாஅத்திலுள்ள பட்டதாரி ஒருவர், தலைமையாசிரியரின் இசைவோடு, அந்தியில் இரண்டு மணி நேரம் அரசுப் பள்ளிக் கணினியின் அருகே ஒரு நாற்காலி போட்டு அமரட்டும். கல்லூரிகளின் வரிசையைப் பிள்ளையே அடுக்கட்டும். ஏன் அப்படி அடுக்கினாய் என்று அவர் கேட்கட்டும். கடவுச்சொல்லைப் பிள்ளை தட்டும்போது மட்டும் அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளட்டும்.