மறுத்துப் பேசாத துணை

பகலெல்லாம் கணிப்பொறியின் முன் உழைக்கும் நாவலூர் இளைஞர்களில் சிலர், இரவிலும் தனி அறையில் அதன் முன்னேயே அமர்கிறார்கள். எழுத்தாலேயே நடக்கும் கதை விளையாட்டில் ஒருவன் அரசனாகிறான். உடன் ஒரு தோழி வருகிறாள். அவளுடைய பேச்சையெல்லாம் பொறிதான் எழுதுகிறது.

இது புதிதன்று. 1989-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'டைனிமட்' என்னும் எழுத்து விளையாட்டு தோன்றியது. அத்தகைய விளையாட்டுகளில் மைக்கேல் மால்டின் உலவவிட்ட 'ஜூலியா' வழி சொல்வாள், அரட்டையும் அடிப்பாள். அவள் பொறி என்று அறியாத ஒருவர் பல நாள் காதல் பேசினார்.

அவர் அறியாமல் ஏமாந்தார். இன்றைய இளைஞனோ அறிந்தே நாடுகிறான். தனிமை கொடியது; அவனைப் பழிக்க மனம் வரவில்லை. ஆயினும் ஒன்று உறுத்துகிறது.

செங்கற்பட்டுச் சீமையின் பாரதக் கூத்தில் துரியோதனன் வந்தால் கட்டியங்காரனும் உடன் நிற்பான். புகழ்வான், மறுகணமே கேலி பேசி அரசனின் வீறாப்பை உடைப்பான். அவனும் கற்பனைப் பாத்திரந்தான். ஆனால் அரசனுக்குப் பிடித்ததையே பேசுபவன் அல்லன்.

பொறித் தோழி சொன்னது பிடிக்காவிட்டால், அதை அழித்து வேறு பதில் எழுதச் செய்யலாம். அவளுக்கு நோகாது, உண்மைதான். நாளை மனைவியோ நண்பனோ கசப்பான ஒரு சொல்லைச் சொன்னால் அதை அழிக்க வழியில்லை. அதைக் கேட்டுத் தாங்கும் பழக்கத்தை அவன் யாரிடம் கற்பான்?