வெறுங் குளிசை

2024 இன் மாரிகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரிஸ் புறநகர் ஒன்றில், நண்பர் ஒருவருடைய வீட்டுக் குசினி மேசையைச் சுற்றி இருந்து நாங்கள் மூன்று பேர் 26 பக்கங்களைத் தமிழாக்கினோம். ஒரு காலத்தில் இப்படியான மேசைகளில் கவிதைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் மொழிபெயர்த்தவர்கள்தான் நாம். இம்முறை கையிலிருந்தது, ஈரல் கொழுப்பு வருத்தத்துக்கான புதிய மருந்தொன்றின் பரிசோதனையில் சேர்வதற்குரிய சம்மதப் பத்திரம். சேரும்படி கேட்கப்பட்டவரை நாம் எல்லோரும் அண்ணை என்றே அழைப்போம். 1986 இல் வந்தவர். முப்பது வருடங்களுக்கு மேலாக ரெஸ்ரோறன்ற் குசினிகளில் நின்றவர். கோப்பை கழுவுவதில் தொடங்கிச் சமையலுக்கு உயர்ந்தவர். குடிப்பழக்கம் இல்லாதவர்.

கடைசி வசனத்தைக் காரணத்தோடுதான் எழுதுகிறோம். ஈரல் பழுதென்றால் எம்மவர் முதலில் நினைப்பது போத்தலைத்தான். வைத்திய உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. குடிக்காதவர்களின் ஈரலிலும் குடிகாரரின் ஈரலிலுள்ள அதே சேதம் இருப்பதை 1980 இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் லுட்விக் என்ற நோய்க்கூற்றியலாளரும் அவருடைய சகாக்களும் இருபது நோயாளிகளை வைத்து எழுதியபோது, அதற்கு அதுவரை பெயர்கூட இருக்கவில்லை. அவர்கள் வைத்த பெயரிலும் 'மதுவால் அல்லாத' என்ற ஒட்டு இருந்தது. இல்லாத ஒன்றைச் சொல்லி அறிமுகப்படுத்தப்பட்ட வருத்தம். 2023 இல்தான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு தொடர்புபடுத்திப் புதிய பெயர் வைத்தார்கள். அதற்குள் அண்ணை, "நீங்கள் ஒளிச்சுக் குடிக்கிறியளோ?" என்ற கேள்வியை வீட்டிலும் வெளியிலும் பலமுறை கேட்டு முடித்துவிட்டார்.

கொழுப்பு ஈரலில் படிந்தால் மட்டும் பெரிதாக எதுவும் நடந்துவிடாது. சிலரில் அது அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, தழும்பு இறுகி ஈரலைக் கல்லாக்கிவிடுகிறது. அண்ணை தழும்புக் கட்டத்தில் நின்றார். இதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட ஒரே வைத்தியம் நிறையைக் குறைப்பதுதான். அது பொய்யான வைத்தியமுமல்ல. கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2015 இல் வெளியிட்ட ஆய்வில், தம் நிறையில் பத்து வீதம் குறைத்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அழற்சி நீங்கியது. ஆனால் அந்தப் பத்து வீதத்தை எட்டியவர்கள் பத்துப் பேரில் ஒருவர் அளவில்தான். இரவு பன்னிரண்டு மணிக்கு வேலை முடித்து, மிஞ்சிய சோற்றைக் குசினி மூலையில் நின்றபடி தின்று, கடைசி மெற்றோ பிடித்து வந்து படுத்த ஒருவருக்கு "நடவுங்கோ, குறைச்சுச் சாப்பிடுங்கோ" என்று சொல்வதில் உண்மையோடு ஒரு குற்றச்சாட்டும் கலந்திருக்கிறது. மருந்து தேடும் ஆய்வுகளை அண்ணை விரும்பியதற்கு இதுவும் காரணம். மருந்து யாரையும் குற்றம் சொல்வதில்லை.

ஆனால் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது வேறு விதமாக இருந்தது. சேர்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்குப் பார்வைக்கு அதே போன்ற, மருந்தில்லாத குளிசை. யாருக்கு எது என்பதைக் கணினி சீட்டுக்குலுக்கிப் போடும், வைத்தியருக்கும் தெரியாது. தொடக்கத்தில் ஒரு தடவையும் ஒன்றரை வருடத்தின் பின் மறுதடவையும் விலா எலும்புகளுக்கிடையால் ஊசி செலுத்தி ஈரலில் ஒரு துணுக்கை எடுப்பார்கள். முழு ஈரலின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அது. அந்தத் துணுக்கைப் பார்க்கும் இரண்டு நிபுணர்கள் ஒரே முடிவைச் சொல்வார்கள் என்ற உத்தரவாதமும் கிடையாது.

"அப்ப எனக்கு மருந்து கிடைக்காமலும் போகலாம், ஊசி மட்டும் நிச்சயம். அதுதானே, தம்பி?" என்றார் அண்ணை.

அதுதான்.

இந்த வெறுங் குளிசை எதற்கு? இது இல்லாவிட்டால் ஆய்வாளர்கள் ஏமாந்துபோவார்கள். 2025 இல் வெளியான செமாகுளூரைட் ஆய்வில் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 62.9 பேருக்கு, தழும்பு மோசமாகாமல், அழற்சி நீங்கியது. வெறும் ஊசி பெற்றவர்களில் 34.3 பேருக்கும் நீங்கியது. தாம் கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் மனிதர் வாயைக் கட்டுகிறார்கள், நடக்கிறார்கள். துணுக்கு எடுத்த இடமும் மாறிவிடுகிறது. அந்த 34 ஐ அறியாமல் 62 ஐ மட்டும் கண்டிருந்தால் அது எவ்வளவு பெரிய பொய்யாக இருந்திருக்கும்!

பிரான்சிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. லீல் நகரத்து நிறுவனமான ஜென்ஃபிற் உருவாக்கிய எலாபிபிரனோர் என்ற குளிசையில் பெரிய நம்பிக்கை வைக்கப்பட்டிருந்தது. 2020 மே மாதம் 1,070 பேரின் இடைக்கால முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களில் 19.2 வீதம், வெறுங் குளிசை பெற்றவர்களில் 14.7 வீதம். வித்தியாசம் போதவில்லை. கதை முடிந்தது. அதே குளிசைக்கு 2024 இல் அமெரிக்காவில் வேறொரு ஈரல் வருத்தத்துக்கு, பித்தக்குழாய்களைத் தாக்கும் ஒன்றுக்கு, அனுமதி கிடைத்தது. அப்படியானால் எழுபத்திரண்டு வாரம் விழுங்கி, விலாவைக் கொடுத்த அந்த ஆயிரம் பேருடைய கொழுப்பீரலுக்கு என்ன கிடைத்தது? 'இது உதவாது' என்ற ஒரு தகவல். அந்தத் தகவல் இன்னும் பல்லாயிரம் பேரை வீணான மருந்திலிருந்து காப்பாற்றியிருக்கும். ஆனால் காப்பாற்றப்பட்டவர்களுக்கு அது தெரியாது. நன்றி சொல்ல யாருமில்லாத கொடை அது.

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் அறவியல் கற்பித்த பெஞ்சமின் ஃபிரீட்மன் 1987 இல் இதற்கொரு எல்லை வகுத்தார். எது சிறந்தது என்பதில் வைத்திய சமூகத்துக்குள் நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கும் வரைதான் ஒரு நோயாளியைச் சீட்டுக்குலுக்கலுக்கு உட்படுத்தலாம் என்றார். இந்த வருத்தத்துக்கு மருந்தே இல்லாதிருந்த வரை பிரச்சினை இலகுவாக இருந்தது. 2024 மார்ச்சில் ரெஸ்மெற்றிரோம் என்ற முதலாவது மருந்தை அமெரிக்கா அனுமதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனையோடு அனுமதித்தது 2025 ஓகஸ்டில்தான். அண்ணை கையெழுத்துக் கேட்கப்பட்டது இந்த இரண்டு திகதிகளுக்கும் இடையில். கடலுக்கு அப்பால் மருந்து இருக்கிறது, இங்கே வெறுங் குளிசை. அது சரியா? அந்த மருந்துகூட, தழும்பைக் குறைப்பதில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் அளவில்தான் வெற்றி கண்டது, வெறுங் குளிசைக்காரரில் பதினான்கு பேர் என்று பதில் சொல்லலாம். சொன்னோம். சொல்லும்போது எமக்கே அது முழுப் பதிலாகப் படவில்லை.

இனி எமது தவறு. பதினெட்டாம் பக்கத்தில், துணுக்கு எடுப்பதால் இரத்தம் கசியலாம், மிக அரிதாக உயிராபத்தும் நேரலாம் என்றொரு வரி இருந்தது. முதல்தரம் வாசித்துச் சொன்னபோது அதை நாம் விட்டுவிட்டோம். அண்ணை பயந்துவிடுவார், நல்ல சந்தர்ப்பம் கைநழுவிவிடும் என்ற எண்ணம். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம், ஒரு சொல்லும் பேசாமலே ஒத்துக்கொண்டோம். பிரான்சில் 1988 டிசம்பர் 20 ஆம் திகதிச் சட்டம் முதலே ஆய்வில் சேர்பவருக்கு எல்லாம் விளக்கிச் சம்மதம் பெறவேண்டும் என்றிருக்கிறது. சட்டத்தை உடைத்தது வைத்தியசாலை அல்ல, நாம்தான். அடுத்த கிழமை போய்ச் சொன்னோம்.

அவர் சத்தம் போடவில்லை. 1986 இல் தன்னுடைய அகதி விண்ணப்பத்தைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்த மொழிபெயர்ப்பாளர், 'இது கேசுக்கு உதவாது' என்று சில விடயங்களை விட்டுவிட்டதை மட்டும் சொன்னார். தம்பியார் காணாமல்போனதும் அப்படி விடப்பட்டவற்றில் ஒன்று. "கையெழுத்து என்ரை. எழுதினது அவன்ரை," என்றார்.

'எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம்' என்ற வரியையும் அவர் நம்பவில்லை. தன்னுடைய வாழ்க்கையில் கையெழுத்து வைத்த பிறகு விலகவிட்ட காகிதம் ஒன்றையும் அவர் காணவில்லை. ஆனாலும் அவர் சேர விரும்பினார். காரணம் கேட்டோம். "முப்பது வருசத்திலை ஒரு டொக்டர் என்னோடை முக்கால் மணித்தியாலம் இருந்து கதைச்சது இதுதான் முதல்தரம்." இதைச் சுதந்திரமான சம்மதம் என்பதா? கவனிப்புக்குப் பசித்திருந்த ஒருவர் அந்தக் கவனிப்புக்கு ஈடாக ஈரலைக் கொடுக்கிறார் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. தனக்கு என்ன வேண்டும் என்று அறிந்த ஒருவருக்கு நாம் சம்மதத்தின் இலக்கணம் படிப்பிக்கிறோமோ என்று மறுபக்கம் தோன்றுகிறது. நாம் இன்னும் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறோம்.

எம்மில் ஒருவர், "வெள்ளைக்காரர் தங்கடை மருந்தைத் தங்களிலை பாக்கட்டும்" என்றார். ரெஸ்மெற்றிரோம் ஆய்வில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் வெள்ளையர்தான். ஆனால் வருத்தம் எம்மிடமும் நிறைய இருக்கிறது. கொழும்புக்கு வடக்கே றாகமவில் செய்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில் வயதுவந்தோரில் மூவரில் ஒருவருக்குக் கொழுப்பீரல் இருந்தது. தெற்காசியருக்கு மெலிந்த உடம்பிலும் இது வருகிறது. வேறு யாருடைய ஈரலிலோ பார்த்துத் தேறிய குளிசையை நாளைக்கு நாமும் விழுங்கத்தானே போகிறோம்? அப்போது இந்தச் 'சேரமாட்டோம்' எவ்வளவு தூரம் நேர்மையானது? நண்பர் பதில் சொல்லவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. கொடுக்காமலிருக்க ஒருவருக்கு உரிமை உண்டு.

அண்ணை கையெழுத்து வைத்தார், பதினெட்டாம் பக்கத்தை இரண்டாந்தரம் வாசிப்பித்த பிறகு. இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. நள்ளிரவுச் சோற்றை நிறுத்தி, இரண்டு மெற்றோ நிலையங்களுக்கு முன்பே இறங்கி நடக்கிறார். இரத்தப் பரிசோதனைகள் முன்னையைவிடப் பரவாயில்லை. தனக்கு மருந்துதான் கிடைத்திருக்கிறது என்கிறார் அவர். வெறுங் குளிசைதான், நடந்ததாலேதான் குறைந்தது என்கிறார் அக்கா. ஆய்வு முழுவதும் முடியும்வரை சீட்டைப் பிரிக்கமாட்டார்கள். இரண்டாவது ஊசி வருகிற மாதம், வெறும் வயிற்றோடு, காலை எட்டு மணிக்கு. மொழிபெயர்க்க எங்களில் யாராவது ஒருவர் போகவேண்டும்.