பெறாதவன் கொடுக்க முடியுமா?



"சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்பர் நம் முன்னோர். பெற்றோரின் பராமரிப்பின்றி வளரும் இளையோரைப் பற்றிப் பேச்செழும்போதும் பலர் இதையே சொல்லுகின்றனர். அன்பைப் பெறாத பிள்ளை பிறருக்கு எப்படி அன்பு காட்டும்?

பண்டாரவளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இது எட்டத்துக் கேள்வியன்று. தாய் மத்திய கிழக்கில் பணிப்பெண், தந்தை கொழும்பில் கூலி, பிள்ளையோ லயத்தில் பாட்டியுடன் அல்லது சிறுவர் இல்லத்தில். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்த காலையில், பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் தப்பினர். அவர்களுட் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடுமில்லை, பெற்றோருமில்லை.

பழமொழியில் பாதி உண்மை உண்டு. குழந்தையின் மனநலத்துக்குத் தாயின், அல்லது தாய்க்கு நிகரான ஒருவரின் இடையறாத அன்பு இன்றியமையாதது என்று ஆங்கில மனநல மருத்துவர் ஜோன் போல்பி 1951 இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதினார். எனவே, காயப்பட்ட பிள்ளைக்கு முதலில் வேண்டியது உபதேசமன்று. விட்டுப் போகாத ஒரு மனிதர்.

மறுபாதியை மட்டக்களப்பு காட்டியது. 1996 இல் இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். போரினால் புண்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தனர், ஓவியம் தீட்டினர், கதை கட்டி நடித்தனர். சொல்ல முடியாத துயரம் விளையாட்டில் வெளிப்பட்டது. அந்நியன் என்று அஞ்சிய பிள்ளை தோழனானான். தன் வேதனைக்கு இடம் கிடைத்தபின்னரே பிறர் வேதனை கண்ணில் படும். உளவளத்துணையின் பலன் இதுவே.

1854 இல் தூரின் நகரில் வாந்திபேதி பரவியபோது, புனித தொன் பொஸ்கோ தம் இல்லத்துச் சிறுவரிடம் நோயாளரைக் கவனிக்க யார் வருவீர் என்று கேட்டார். அவர்களுட் பலர் அநாதைகள். ஆயினும் முன்வந்தனர். அவர் கட்டளையிடவில்லை, கேட்டார் என்பதைக் கவனியுங்கள்.

இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். "உனக்குச் சோறு போட்டோம், நீ நன்றியாயிரு" என்று பெறும் சேவை பிறரன்பு ஆகாது. அது கடன் வசூல். மலையகத்துப் பிள்ளைகளைப் பட்டணத்து வீடுகளுக்கு வேலைக்கனுப்பிய கொடுமையும் "உதவி" என்ற பெயரையே சூடியிருந்தது. மறுக்கும் உரிமை உள்ள பிள்ளையே மனமுவந்து கொடுக்க முடியும்.

வாசகர்களே, பிறந்தநாளென்று சிறுவர் இல்லத்துக்கு உணவு கொண்டு செல்லுகிறீர்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று நன்றிப் பாட்டுப் பாடுகின்றனர். நல்ல செயல்தான். ஆனால் அப்பிள்ளை எந்நாளும் வாங்கும் கையாகவே இருக்க வேண்டுமா? அடுத்த முறை அவர்களோடு அமர்ந்து உண்ணுங்கள். அவர்கள் நட்ட கீரையைத் தந்தால் மறுக்காமல் வாங்குங்கள். உங்கள் மகனுக்குத் தெரியாத கணக்கை அங்குள்ள அண்ணன் சொல்லித்தரட்டும். அடுத்த மாதமும் செல்லுங்கள்.

தன்னிடமும் கொடுக்க ஏதோ உண்டென்று அப்பிள்ளை அறியும் நாளில், சட்டி வெறுமையன்று என்பதை நாமும் அறிவோம்.