பறை யார் கையில்?

பாலர் பள்ளியில் பயிலும் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாட்டும் ஆட்டமும் வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. மலேசியாவில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி அமைப்பினுள் சேர்த்தது. 2010இல் வந்த பாலர் பள்ளிக் கலைத்திட்டம் உடல் வளர்ச்சியையும் அழகுணர்வையும் தன் தூண்களுள் ஒன்றாக நிறுத்தியது. ஆகவே, ஆட்டம் வேண்டுமா என்னும் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த ஆட்டம் யாருக்காக என்னும் வினாவோ இன்னும் கேட்கப்படாமலே கிடக்கிறது.

இவ்வினாவுக்குக் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தனிப்பட்டதொரு கனம் உண்டு. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தது இங்குள்ள தென்னமரத்திலேதான். பின்னாளில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றியும், ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கங்களிலும் பால்மரமும் செம்பனையும் தமிழரின் கைகளால் வளர்ந்தன. அத்தோட்டங்களில் மனிதர் எழுவதும் நடப்பதும் உண்பதும் பெரட்டு மணிக்குக் கட்டுப்பட்டிருந்தன. விடியுமுன் மணி அடிக்கும்; தாய் உறங்கும் குழந்தையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு விரைவாள். அக்குழந்தை தன் வாழ்வில் முதன்முதல் அறிந்த தாளம் தாயின் விரைந்த காலடியே எனலாம். ஆங்கிலேயரின் ‘லைன்’ நம்மவர் நாவில் லயமாகி வீட்டு வரிசையைக் குறித்ததும், இசைநூலார் அதே சொல்லால் தாளத்தின் ஒழுங்கைக் குறிப்பதும் தற்செயலான ஒலியொற்றுமைதான். ஆயினும், பிறர் வகுத்த ஒழுங்கில் உடலை நிறுத்திய வாழ்வுக்கு அப்பெயர் விந்தையாகப் பொருந்திவிட்டது.

ஆயாக் கொட்டகையில் பாட்டு இல்லாமலில்லை. இருபது குழந்தைகளை ஒருத்தியே பார்த்துக்கொள்ளும்போது பாட்டே அவளுக்குத் துணை. ஏணையை ஆட்டும் கை ஓயாது, வாயும் ஓயாது. இங்கு அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில் கூறும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. ஆர்க்கிட்டாசு என்பவர் செய்த கிலுகிலுப்பையை அவர் பாராட்டுகிறார். குழந்தையால் சும்மா இருக்க முடியாது. கிலுகிலுப்பை கையிலிருந்தால் வீட்டுப் பொருள்களை உடைக்காது என்பது அவர் கூறும் காரணம். நல்ல காரணந்தான், ஆனால் அது பெரியவர்களின் காரணம். குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்பதைவிட வீட்டுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதே அங்குக் கணக்கிடப்படுகிறது.

அரிஸ்டாட்டிலின் ஆசிரியரான பிளேட்டோ வேறு வழியில் சென்றவர். இளம் உயிர் எதுவும் உடலையும் குரலையும் அடக்கி வைத்திருக்க இயலாது, துள்ளும், கத்தும். விலங்குக்கு அத்துள்ளலில் ஒழுங்கு புலப்படுவதில்லை. மனிதனுக்கு மட்டும் அது புலப்பட்டு இன்பமும் தருகிறது. இதுவே கல்வியின் தொடக்கம் என்பது ‘சட்டங்கள்’ என்னும் நூலில் அவர் கொண்ட முடிவு. ஆழமான கருத்து. எனினும், தோட்டத்து மக்களின் வழித்தோன்றல் இதனை அப்படியே விழுங்கிவிட முடியாது. ஒழுங்கு என்றால் யாருடைய ஒழுங்கு? பெரட்டிலும் ஒழுங்கு இருந்தது. வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுத்து, மண்டோர் காட்டிய திசையில் நடந்தவர்களுக்கு ஒழுங்கைப் பற்றி எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. பாலர் பள்ளியில் ஆசிரியை கைதட்ட, இருபத்தைந்து பிஞ்சுகள் ஒரே அடியில் கால் தூக்கும் காட்சி கண்ணுக்கு இனியதே. ஆயினும், அது எதன் பயிற்சி என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்குத் தமிழ் மரபில் ஒரு விடை இருக்கிறது. அதனை நாம் இலக்கியப் பாடமாக மட்டும் படித்துத் தேர்வெழுதி மறந்துவிட்டோம். பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கிறது. அவற்றுட் பல, உடல் அசைவின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஐந்தாம் திங்களில் கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை. நாவசைத்துப் பாடும் தாலாட்டுக்கு உரியது தால். இரு கையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும் உண்டு. ஆண்பிள்ளையின் இறுதிப் பருவங்களுள் ஒன்று சிறுபறை. அங்குப் பெரியவர் பறை கொட்டக் குழந்தை ஆடுவதில்லை, குழந்தையே கொட்டுகிறது. கொட்டியருள்க என்று பெரியவர்தாம் அதனிடம் வேண்டி நிற்கின்றனர்! பாட்டுடைத் தலைவன் தெய்வமோ அரசனோ ஆதலால் அவ்வாறு பாடினர் என்று புலவர் கூறலாம். அது மெய்யே. ஆயினும், குழந்தைக்கு முன்னே பெரியவர் பணிந்து நின்று தாளத்தைக் கேட்கும் நிலையை ஓர் இலக்கிய வகையே வகுத்து வைத்திருப்பது சிறிய செய்தியன்று.

மேலைநாட்டாரும் பின்னர் இவ்விடம் நோக்கி வந்தனர். 1892இல் ஜெனீவா இசைக்கல்லூரியில் ஆசிரியரான எமில் ஜாக்-டால்குரோசு, பிழையின்றி வாசிக்கும் மாணவருக்கும் உள்ளத்தில் தாளம் இல்லாதிருப்பதைக் கண்டார். அவர்களை நடக்கச் செய்தார். சைகை கேட்டதும் நிற்கவும் நடை மாற்றவும் பழக்கினார். அவர் வழிவந்த ஆசிரியர்கள் சிறு குழந்தைகளிடம் பெரும்பாலும் முதலில் குழந்தையின் நடையைப் பார்த்து, அதற்கேற்பத் தாங்கள் வாசிப்பர். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கிய மரியா மாண்டிசோரியும், தரையில் வரைந்த கோட்டின்மேல் குழந்தைகளை இசைக்கேற்ப நடக்கவிட்டார். தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளத் தெரிந்த குழந்தையே தன் உடலுக்கு உரிமையுள்ளது என்பது அவர் கருத்தின் உட்கிடை. நிறுத்தப்படுவதும் தானாக நிற்பதும் பார்வைக்கு ஒன்றே. உள்ளே இரண்டும் வேறு.

அப்படியானால் செய்ய வேண்டியது எளிது: ஒரு நாளில் சில நிமிடங்களாவது பறையைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, ஆசிரியையும் மற்றப் பிள்ளைகளும் அதற்கேற்ப நடக்கலாம். வேகமாகக் கொட்டினால் ஓட்டம், மெல்லக் கொட்டினால் ஆமை நடை, நிறுத்தினால் சிலை. நான்கு வயதுப் பிள்ளை தன் கையசைவுக்கு ஒரு கூட்டமே நிற்பதைக் காண்கிறது. மறுநொடி அடுத்த பிள்ளையிடம் கோலைக் கொடுத்துவிட்டுத் தானும் நிற்கப் பழகுகிறது. ஆணையிடுவதையும் அடங்குவதையும் மாறி மாறி அறிந்தவனிடம் இரண்டுமே அளவோடு இருக்கும்.

இதற்குத் தடைகள் உண்டு. தப்பும் பறையும் தோட்டத்தில் வெறுங்கருவிகளாக இருந்ததில்லை. அவற்றைக் கொட்டியவரைச் சாதியால் ஒதுக்கிய கொடுமை கப்பலில் நம்மோடு கடல் கடந்து வந்தது. எனவே, தம் பிள்ளை கையில் கொட்டு இருப்பதைக் கண்டு முகம் சுளிக்கும் பெற்றோரும் உண்டு. அந்த இழிவை நினைந்து அஞ்சும் பெற்றோரும் உண்டு. முன்னவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பின்னவரின் அச்சமோ மதிக்கத்தக்கது. எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்துக் கொட்டும் வகுப்பறையே அதற்குத் தக்க மறுமொழி.

மற்றொரு தடை, முதலாம் ஆண்டில் எழுத்தறியாமல் பிள்ளை பின்தங்கிவிடுமே என்னும் கவலை. தோட்டம் மூடப்பட்டு வீடமைப்புப் பகுதிக்குப் பெயர்ந்து, கூலியிற் பாதியைக் கட்டணமாகச் செலுத்தும் தாய்க்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆட்டத்தால் எழுத்து தானே வந்துவிடும் என்று அவளிடம் கூறுவது பொய். எழுத்தையும் கற்பிக்க வேண்டும். ஆனால், எழுத்துக்கு உதவுகிறது என்பதற்காக மட்டும் ஆட்டத்தை வைத்துக்கொண்டால், உதவாத நாளில் அது கைவிடப்படும்.

ஆண்டுவிழா மேடையைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. மூன்று மாதம் ஒரே பாட்டுக்கு ஒரே அசைவு, முகத்தில் பூச்சு, பிரமுகர் வரும்வரை வியர்வையில் காத்திருப்பு. குழந்தையை எந்நிலையிலும் வெறுங்கருவியாகக் கொள்ளலாகாது என்னும் கான்டின் நெறியை அறியாதவரும், இரவு பத்து மணிக்கு மேடையோரம் உறங்கி விழும் பிள்ளையைக் கண்டால் அதனை உணர்ந்துகொள்வர்.

இனி, ஆடாத பிள்ளை. ஒவ்வொரு வகுப்பிலும் சுவரோரம் ஒன்று இருக்கும். கூட்டம் குதிக்கையில் அது சட்டை நுனியைத் திருகிக்கொண்டு பார்த்திருக்கும். அதன் கையைப் பிடித்திழுத்து நடுவில் நிறுத்துவதை அன்பென்று பலர் கருதுகின்றனர். குழந்தையின் உடல் குழந்தைக்கே உரியது என்றால், அசையாதிருக்கும் உரிமையும் அதில் அடங்கும். பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு பங்கேற்பே. அப்பிள்ளையின் காலை உற்று நோக்கினால் பெருவிரல் மட்டும் செருப்புக்குள் தாளமிடுவதைக் காணலாம்.