காத்திருந்த கரை

அடையாற்றின் தென்கரையில் தியசாபிகல் சொசைட்டி. வடகரையில், கிரீன்வேஸ் சாலையில், ஜே. கிருஷ்ணமூர்த்தி சென்னையில் தங்கிய வசந்த விஹார். நடுவில் திரு.வி.க. பாலம், நடந்தே போய்விடலாம். ஆனால் அவர் மறுபடி அந்தத் தென்கரைத் தோட்டத்துக்குள் கால் வைக்க 47 ஆண்டுகள் ஆயின.

*

‘கலி முத்திப்போச்சு’ என்று மாட வீதியில் யாராவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். முற்றினால் முடியும், முடிந்தால் கிருத யுகம் பிறக்கும், கல்கி வருவார் என்ற நம்பிக்கை அந்தப் பெருமூச்சுக்குள் இருக்கிறது. பௌத்தர்கள் மைத்ரேயருக்காகக் காத்திருக்கிறார்கள். புத்தர் தோன்றப்போகும் காலத்தைப் பற்றி அறவண அடிகள் மணிமேகலையிடம் பேசுகிறார். தமிழுக்கு இந்தக் காத்திருப்பு புதிதில்லை.

அடையாறு சொசைட்டி அந்த மைத்ரேயருக்கு ஓர் உடலையே தேடியது. 1909-ல் கடற்கரையில் ஒரு மெலிந்த சிறுவன், கிருஷ்ணமூர்த்தி, சொசைட்டியைச் சேர்ந்த லெட்பீட்டர் கண்ணில் பட்டான். மதனபள்ளிக்காரன், அப்பாவுக்குச் சொசைட்டியில் வேலை. 1911-ல் அவனைத் தலைவனாக வைத்துக் ‘கிழக்கின் நட்சத்திரச் சங்கம்’ பிறந்தது. மைத்ரேயராகிய உலக குரு அவன் வழியாகப் பேசுவார் என்று சொசைட்டித் தலைவர் அன்னி பெசன்ட் மனமார நம்பினார்.

*

எல்லாரும் 1929-ஐச் சொல்வார்கள். என் மனம் 1925-லேயே நின்றுவிடுகிறது.

கிருஷ்ணமூர்த்தியின் தம்பி நித்யாவுக்குக் காசநோய். சொசைட்டி நம்பிய மகான்கள் அவனைக் காப்பாற்றுவார்கள் என்ற உறுதியில் அண்ணன் இந்தியாவுக்குக் கப்பலேறினார். நவம்பர் 13 அன்று கலிஃபோர்னியாவில் நித்யா இறந்தார். செய்தி பயணத்தின் நடுவே வந்து சேர்ந்தது. டிசம்பர் 28, அடையாறு ஆலமரத்தடி. கூட்டத்துக்கு முன் வரப்போகிறவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவரின் பேச்சு, நடுவில், வருகிறவரே பேசுவதுபோல மாறிற்று. கேட்டவர்கள் சிலிர்த்தார்கள். அவர்களுக்குக் காலம் கனிந்துவிட்டது. துக்கம் ஆறாத அந்த முப்பது வயது மனிதனுக்குள் அன்று என்ன நடந்தது என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. மகான்கள் கைவிட்ட சாவு அது.

1929 ஆகஸ்ட் 3, ஹாலந்தின் ஓமென் முகாமில், பெசன்ட் முன்னிலையிலேயே, கிருஷ்ணமூர்த்தி நட்சத்திரச் சங்கத்தைக் கலைத்தார். நன்கொடையாக வந்த நிலத்தையும் கோட்டையையும் கொடுத்தவர்களிடமே திருப்பித் தந்தார். பெசன்ட் அவரிடம் வைத்திருந்த பாசம் குறையவில்லை. 1933 செப்டம்பர் 20 அன்று அடையாறில் கண் மூடினார்.

*

காத்திருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. இதைச் சொல்லாமல் அவர்களை ஏமாளிகள் என்று ஒதுக்குவது அநியாயம். அவர்களுக்கு முன்பே, தீண்டாமைக்கு ஆளான பிள்ளைகளுக்காகச் சொசைட்டியின் ஆல்காட் 1894-ல் இலவசப் பள்ளி திறந்தார். உலக குருவுக்கு வழி அமைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பெசன்ட் ஹோம்ரூல் இயக்கம் நடத்தினார், 1917-ல் ஊட்டியில் காவலில் இருந்தார், அந்த ஆண்டே காங்கிரஸ் தலைவரானார். 1936-ல் இதே வட்டத்திலிருந்து ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா கிளம்பியது.

*

1925-ல் கிருஷ்ணமூர்த்தி பேசிய அந்த ஆலமரத்தின் அடிமரம் 1989 புயல்காற்றில் சாய்ந்தது. இப்போது நிற்பவை விழுதுகள் ஊன்றி மரமானவை. இன்னும் மண் தொடாத ஒரு விழுதைக் கையில் பிடித்துப் பார்த்தேன்: மேலே பழுப்பு, நுனியில் மட்டும் மஞ்சள் கலந்த வெண்மை, விரலில் லேசான ஈரம்.

*

1980-ல் ராதா பர்னியர் சொசைட்டித் தலைவரான பிறகு கிருஷ்ணமூர்த்தி, 1933-க்குப் பின் முதல் முறையாக, தென்கரைக்குப் போனார். பிறகு வந்த குளிர்காலங்களில் அந்தக் கடற்கரையில் மாலை நடை. வசந்த விஹார் மரங்களடியில், கச்சேரிப் பருவத்தை ஒட்டி, அவர் பேச்சுகள். கடைசிப் பேச்சு 1986 ஜனவரியில். பிப்ரவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் ஓஹாயில் மறைந்தார்.

குரு வேண்டாம் என்றவர் முன்னாலும் ஜனங்கள் முன்கூட்டியே வந்து இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். அவருடைய பதிவுகளைக் கேட்கும்போது, இவர் சொல்லி ஏதாவது மாறிவிடாதா என்று என் மனமும் அவர் பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வைப் பார் என்கிறார் அவர். பார்க்கிறேன். ஆனால் அதை வெறும் பலவீனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சாய்வோடுதான் பெசன்ட் காவலில் இருந்தார், பள்ளிகள் கட்டினார்.