பாஸ் மார்க்

பி.காம். படிக்கும்போது ஸ்டாட்டிஸ்டிக்ஸில் நான் வாங்கியது சரியாக 40 மார்க். ‘பாஸா, ஃபெயிலா?’ என்று மட்டும் அப்பா கேட்டார். ‘பாஸ்’ என்றேன். எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தெரியுமா என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

கார் சீட்டின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

கார் சீட் எவ்வளவு வலுவாக இருக்கவேண்டும் என்று சொல்லும் அமெரிக்க விதியின் எண் 207. அமலுக்கு வந்தது 1968-ல். சீட்டின் முதுகை பின்பக்கமாக இழுப்பார்கள். 373 நியூட்டன் மீட்டர் தாங்கினால் பாஸ். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இரண்டடி உயர முதுகின் உச்சியில் சுமார் 60 கிலோ எடையைக் கட்டி இழுப்பதுபோல. அவ்வளவுதான்!

ஆனால், நிற்கிற காரை பின்னாலிருந்து ஒரு லாரி வேகமாக மோதினால், உங்கள் எடையைப்போலப் பல மடங்கு விசை சீட்டின் முதுகில் இறங்கும். சீட் அப்படியே பின்னால் சரியலாம். கூடவே நீங்களும்.

பின்னால் யார்? குழந்தை. ‘ஏர்பேக் ஆபத்து, குழந்தையைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள்’ என்று பெற்றோருக்குச் சொல்வதும் அதே அரசாங்கம்தான். சோதனையில் அந்தக் குழந்தைக்கு இடமே இல்லை. முன்சீட்டில் ஒரு பொம்மைகூட கிடையாது.

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சீட் ரொம்ப விறைப்பாக இருந்தால் கழுத்தில் அடிபடும். கொஞ்சம் வளைந்து கொடுக்கவேண்டும் என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் வளைந்து கொடுப்பது வேறு, கவிழ்ந்து விழுவது வேறு. அளவோடு பின்னால் நகர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் சீட்டை வால்வோ 1998-லேயே காரில் வைத்துவிட்டது. விதி 207 கேட்டா வைத்தார்கள்?

விதியை மாற்றச்சொல்லி 1989-ல் மனு போனது. 2004-ல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டுச் சொன்னபிறகு, 2024-ல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அதுவரை 1968-ன் பாஸ் மார்க்தான்.

இப்போது சொல்லுங்கள். சட்டத்தை மீறாதவர் தப்பே செய்யாதவர் ஆகிவிடுவாரா?

கோர்ட்டில் ஆகலாம். ஆனால் சட்டம் சொல்வது, ‘இதற்குக் கீழே போகாதே’ என்று. நாம் அதை ‘இதுவே போதும்’ என்று படித்துக்கொள்கிறோம். விஷயம் தெரியாதவர் அப்படிப் படித்தால் மன்னித்துவிடலாம். சீட் எப்போது சரியும் என்று தெரிந்த இன்ஜினீயரே அப்படிப் படித்தால்? தெரிந்துகொண்ட நிமிஷத்திலிருந்து அவருக்கு பாஸ் மார்க் ஏறிவிடுகிறது. அதை எந்த விதியும் எழுதி வைக்காது, மனசாட்சிதான் எழுதவேண்டும்.

என் 40 மார்க்கால் யாருக்கும் எலும்பு முறியவில்லை. அது என் அதிர்ஷ்டம். ஆனால் நீங்கள் கையெழுத்துப் போடும் கணக்கிலும், கட்டும் சுவரிலும், எழுதும் மருந்துச் சீட்டிலும் ஒரு பின்சீட் இருக்கிறது. ‘ரூல்ஸ்படி கரெக்ட்’ என்று சொல்வதற்கு முன்னால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று.