திரும்பி வரும் வலி விதியா?

தஞ்சோங் கிளிங் முதலான மலாக்கா வட்டாரங்களில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் தேய்ந்த முதுகுகள் பல. ஆறிய இடுப்புவலி மீண்டும் வந்தால், அதைத் தலையெழுத்து என்று ஏற்பது எளிது. ஆனால் வலி அடங்குவது வேறு, தசை மீள்வது வேறு. ஆஸ்திரேலியாவில் ஜூலி ஹைட்ஸ் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வலி தீர்ந்த பின்பும் முதுகெலும்பைத் தாங்கும் மல்டிஃபிடஸ் தசை தானாகப் பழைய பருமனை அடையவில்லை. 2001இல் வந்த தொடராய்வில், அத்தசைக்குப் பயிற்சி செய்தவர்களில் 30 விழுக்காட்டினருக்கும் செய்யாதவர்களில் 84 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் வலி திரும்பியது. ஆய்வில் இருந்தவர்கள் 39 பேரே. பிற உடற்பயிற்சிகளும் ஏறத்தாழ இதே அளவு உதவுவதாகப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆயினும், உடலை இயக்குவதன் பயனை அவை மறுக்கவில்லை.

வினைப்பயனை நுகர்ந்தே தீர்க்க வேண்டும் என்பார்கள். ஆனால் சைவ சித்தாந்தம் முன்வினையாகிய பிராரத்தத்தோடு, புதுவினையாகிய ஆகாமியத்தையும் சொல்கிறது. வந்த வலி முன்வினையே ஆனாலும், இன்று செய்வது புதுவினை. மாசிமகத்தில் மலாக்காவின் சன்னாசிமலைக்குக் காவடி எடுப்பவர் வலியைத் தாங்கவில்லையா என்றும் கேட்கலாம். அது விரதமிருந்து, உடலை ஆயத்தப்படுத்தி, மனமுவந்து ஏற்ற நேர்த்தி. கவனிக்கப்படாத முதுகுவலி எந்தத் தெய்வத்துக்கும் காணிக்கை ஆகாது. பயிற்சி செய்தும் வலி நீங்காதவர்கள் உண்டு. அவர்களைக் குறைகூறுவது அறமன்று, சுமையைக் குறைப்பது முதலாளியின் கடமையும்கூட. உடம்பைப் பேணுவதும் வழிபாடே. வலி அடங்கிய பிறகும் நடையையும் பயிற்சியையும் விடாதீர்கள்.